மூன்றாவது ஆள்: ஸ்லீட்டர்-கின்னியின் ‘தி சென்டர் வோண்ட் ஹோல்ட்’

2019 ஜூலை முதல் தேதி ஜேனட் வைஸ் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டார். குழு புதிய திசையில் போகிறது, தான் விலகிக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்பதுதான் அதன் சாரம். ஸ்லீட்டர்-கின்னி என்ற அமெரிக்க ராக் குழுவில் 1996 முதல் டிரம்ஸ் வாசித்தவர் அவர். ஆறேழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அந்தப் புதிய திசை ‘தி சென்டர் வோண்ட் ஹோல்ட்’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. அதிலும் டிரம்ஸ் வாசித்திருப்பவர் அவர்தான். ஆள் போய்விட்டார், வாசிப்பு இருக்கிறது. விலகிப்போனவரின் கைகளைத் தேடிக்கொண்டேதான் அந்த ஆல்பத்தைக் கேட்க முடிந்தது.

கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். கிட்டாரின் கரடுமுரடும் ஆவேசமும் போய் சிந்தசைசரின் வழவழப்பு வந்துவிட்டது, குழு கெட்டுவிட்டது என்றது ஒரு கட்சி. கால் நூற்றாண்டு ஆன குழு துணிந்து உருமாறுகிறது, பாராட்டுங்கள் என்றது இன்னொன்று. எனக்கு இரண்டுமே போதவில்லை. மின்னணு ஒலி உள்ளே வந்ததில் குற்றம் எதுவும் இல்லை. வந்தது யாருடைய இடத்தில் உட்கார்ந்தது என்று கேட்டால்தான் இந்த ஆல்பம் நம்மிடம் பேச ஆரம்பிக்கிறது.

இந்தக் குழுவை அறியாத தோழிகளுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரைச் சுற்றி ‘ரயட் கேர்ள்’ என்ற இயக்கம் எழுந்தது. சிறுமி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்தை நீக்கிவிட்டு, ‘ர்’ ஒலியை மூன்று முறை போட்டு உறுமலாக எழுதினார்கள். பங்க் இசை நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் ஆண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். பெண்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹானா பெண்களை முன்னே வரச் சொன்னார். கையால் எழுதி நகலெடுத்துப் பின் குத்திய சிற்றிதழ்களில் பாலியல் வன்முறை பற்றியும் உடல் பற்றியும் எழுதிப் பரிமாறிக்கொண்டார்கள். அது பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களின் இயக்கமாகவே இருந்தது என்ற விமர்சனமும் உண்டு, நியாயமான விமர்சனம்தான்.

அந்தச் சூழலிலிருந்து 1994இல் கோரின் டக்கரும் கேரி பிரௌன்ஸ்டீனும் சேர்ந்து தொடங்கியதுதான் ஸ்லீட்டர்-கின்னி. ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சாலையின் பெயர் அது. இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு வைஸ் வந்து சேர்ந்தார். 1997இல் ‘டிக் மீ அவுட்’ வெளியானது. 2005க்குள் இன்னும் நான்கு ஆல்பங்கள். 2006இல் நிறுத்திவிட்டுப் போனார்கள், 2015இல் ‘நோ சிட்டீஸ் டு லவ்’ ஆல்பத்தோடு திரும்பினார்கள். இடையில் 2001இல் டைம் இதழில் கிரெய்ல் மார்கஸ் இவர்களை அமெரிக்காவின் ஆகச் சிறந்த ராக் குழு என்று எழுதியிருந்தார். பெண்கள் குழுக்களிலேயே சிறந்தது என்ற வழக்கமான ஒட்டு இல்லாமல் அது சொல்லப்பட்டதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இவர்களிடம் பேஸ் கிட்டார் கிடையாது. ராக் குழுவில் அடிநாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பேஸ்தான். கேட்பவருக்குத் தனியாகத் தெரியாது, எடுத்துவிட்டால் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஸ்லீட்டர்-கின்னி அந்தக் கருவியே வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டு கிட்டார்களின் சுருதியையும் வழக்கத்தைவிடக் கீழே இறக்கிக்கொண்டது. ஒருவர் ஒரு வரியை வாசிக்க, மற்றவர் அதற்கு எதிர்வரி வாசிப்பார். குரல்களும் அப்படித்தான். டக்கரின் குரல் நடுங்கி நடுங்கி உச்சிக்குப் போகும். பிரௌன்ஸ்டீனின் குரல் பக்கத்திலேயே வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு விஷயம் பேசினால் நம் வீடுகளில் அதை வாய்ச்சண்டை என்பார்கள். இவர்கள் அதையே பாட்டு வடிவமாக்கினார்கள்.

இந்த அமைப்பில் டிரம்ஸுக்கு இரண்டு மடங்கு வேலை. அடிநாதம் இல்லாத இடத்தை நிரப்ப வேண்டும். எதிரெதிராக இழுக்கும் இரண்டு கிட்டார்களையும் சிதறாமல் பிடித்திருக்க வேண்டும். வைஸ் இதைச் செய்த விதம் காவல் காக்கும் விதம் அல்ல. அவரும் பேசினார். ‘ஒன் பீட்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அவருடைய தாளத்தோடுதான் தொடங்குகிறது. கிட்டார்கள் அதற்குப் பின்னால் வந்து இடம் கேட்கின்றன. கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தாளத்தைத் தனியே முணுமுணுக்கக்கூட முடியும். ஒரு டிரம்ஸ் வாசிப்பைப் பாட்டுபோல நினைவில் வைத்திருப்பது அபூர்வம். அவர் பாட்டுக்குத் தாளம் போட்டார் என்று சொல்வது, இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது ஆள் தலையாட்டினார் என்று சொல்வதுபோல.

இனி 2019க்கு வருவோம். இந்த ஆல்பத்தின் இசைத் தயாரிப்பாளர் செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் இயங்கும் ஆனி கிளார்க். தயாரிப்பாளர் என்றதும் சினிமாவுக்குப் பணம் போடுபவரை நினைத்துவிட வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்த ஒலி முன்னால் வர வேண்டும், எது மங்க வேண்டும், எது தேவையே இல்லை என்று குழுவோடு உட்கார்ந்து முடிவு செய்பவர்தான் இங்கே தயாரிப்பாளர். ஜான் குட்மேன்சன், ரோஜர் மூட்டனாட், டேவ் ஃப்ரிட்மேன் என்று இந்தக் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களை வடிவமைத்தவர்கள் ஆண்களே. பெண்ணியக் குழு, பெண் தயாரிப்பாளர் என்ற இந்தச் சேர்க்கை நடக்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த அளவில் இது கொண்டாட வேண்டிய நிகழ்வு. கிளார்க் நல்ல கிட்டார் கலைஞர். கிட்டாரைக் கிட்டார்போல ஒலிக்க விடாமல் வைப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த ருசி இந்த ஆல்பம் முழுக்கத் தெரிகிறது.

‘கரடுமுரடாக இருந்தால்தான் உண்மை, மின்னணு என்றால் போலி’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ராக் இசையின் அந்த ‘உண்மை’ வியர்வையும் சத்தமும் ஆண் உடலும் சேர்ந்து கட்டிய கற்பனை. இயந்திரம் பெண்களுக்கு அந்நியமானதும் இல்லை. பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒலிக்கூடம் 1958இல் தொடங்கியபோது அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் டாஃப்னி ஓரம் என்ற பெண். அதே கூடத்தில் டெலியா டெர்பிஷயர் 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த மெட்டை எடுத்து, ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, ஒவ்வொரு ஸ்வரமாகச் செய்தார். கிரெய்னரே டெர்பிஷயருக்குப் பாதிப் பங்கு தர வேண்டும் என்று நினைத்தும், கூடத்தின் ஊழியர்கள் பெயரற்றவர்களாகவே இருக்க வேண்டும் என்ற நிறுவன விதி தடுத்துவிட்டது. டெர்பிஷயர் 2001இல் காலமானார். தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெட்டு எழுதியவர் படைப்பாளி, அதை ஒலியாக்கியவர் ஊழியர் என்ற பிரிவினை அப்போது ஒரு நிறுவனத்தின் விதி. ராக் குழுக்களில் அது எழுதப்படாத விதி. பாட்டு எழுதுபவர் ஒரு தட்டு, வாசிப்பவர் இன்னொரு தட்டு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் பக்கவாத்தியம் என்று ஒரு சொல்லே இருக்கிறது. எவ்வளவு மேதையாக இருந்தாலும் உட்காருவது பக்கத்தில்தான்.

இப்போது பாட்டுகள். மொத்தம் 11, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலைப்பு யேட்ஸின் பிரபலமான கவிதையிலிருந்து எடுத்து மாற்றியது. நடு தாங்காது என்று பொருள். டிரம்ப் ஆட்சிக் காலத்து அமெரிக்காவை நினைத்து வைத்த பெயர்தான். ஆனால் மேடையில் நட்டநடுவே உட்காருபவர் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை.

தலைப்புப் பாட்டு ஒரு பட்டறைச் சத்தத்தோடு தொடங்குகிறது. இரும்பை இரும்பில் தட்டுவதுபோல, இடைவெளி விட்டு விட்டு, நீளமாக. மனிதர் வாசிக்கிறாரா இயந்திரமா என்று காதால் பிரிக்க முடிவதில்லை. குரலும் நசுங்கித்தான் வருகிறது. பிறகு கடைசிப் பகுதியில் திடீரென்று அணை உடைகிறது. கிட்டார்கள் பழைய வேகத்தில் பாய்கின்றன, வைஸ் உள்ளே வருகிறார். அந்த நொடியில் அறையின் காற்றே மாறுகிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். இயந்திரத்தின் இறுக்கம் இல்லாமல் அந்தப் பாய்ச்சலுக்கு இவ்வளவு வலு வந்திருக்காது. கரடுமுரடும் மின்னணுவும் இங்கே ஒன்றை ஒன்று மறைக்கவில்லை, மோதுகின்றன.

‘ஹரி ஆன் ஹோம்’ பாட்டிலும் மோதல் உண்டு. வீட்டுக்குச் சீக்கிரம் வா என்று ஒரு பெண் அழைக்கிறாள். அழைப்பில் காமமும் தன்மீதான வெறுப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. தன் உடம்பை என்னென்ன செய்யலாம் என்று அவளே ஒரு பட்டியல் போடுகிறாள், கடைச்சரக்கின் மேல் ஒட்டிய சீட்டுபோல. கிட்டார் அறுக்கிறது, தாளம் இடிக்கிறது, அடியில் ஓர் இயந்திர முனகல் விடாமல் ஓடுகிறது. நாற்பதுகளில் இருக்கும் பெண் தன் விருப்பத்தை அசிங்கமாகவும் கெஞ்சலாகவும் சொல்ல முடிகிறது என்பதே ராக் இசையில் புதுசு. இளம்பெண்ணின் கோபத்தை விற்கத் தெரிந்த வணிகத்துக்கு நடுவயதுப் பெண்ணின் ஆசையை எங்கே வைப்பது என்று தெரியாது. ‘லவ்’ என்ற பாட்டில் பிரௌன்ஸ்டீன் குழுவின் சொந்தக் கதையைத் துள்ளலாகச் சொல்கிறார், பழைய ஆல்பங்களின் பெயர்களை இழுத்துப்போட்டு, தேய்ந்த உடம்பை வெட்கமில்லாமல் காட்டப்போவதாக அறிவித்து. குழுவுக்கு எழுதிய காதல் கடிதம் அது. வெளிவரும்போது குழுவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

நடுவில் இருக்கும் பாட்டுகளில்தான் எனக்குச் சிக்கல். ‘ரீச் அவுட்’, ‘கேன் ஐ கோ ஆன்’, ‘தி ஃப்யூச்சர் இஸ் ஹியர்’ மூன்றும் மோசமான பாட்டுகள் இல்லை. கடைசியாகச் சொன்னது, விழித்ததிலிருந்து உறங்கும்வரை கைத்திரைக்குள் அடங்கிப்போன நாளைப் பற்றிப் பேசுகிறது. அதற்குச் சிந்தசைசரின் குளிர்ந்த மினுமினுப்பு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பாட்டுகளில் தாளம் எதையும் சொல்வதில்லை. நேரத்தைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். வைஸின் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், ஏன் யாரும் உட்காராவிட்டாலும், இவை இப்படியேதான் ஒலித்திருக்கும். ‘ருயின்ஸ்’ மட்டும் விதிவிலக்கு. மெதுவாக, புழுதியும் புகையும் சூழ, ஏதோ ஒரு பெரிய விலங்கு நகர்வதுபோல நகரும் பாட்டு அது. அதில் சூழலே பாத்திரமாகிவிடுகிறது.

இப்படி ஆனதற்கு இசையமைத்த முறையிலும் ஒரு காரணம் இருக்கிறது. பிரௌன்ஸ்டீன் லாஸ் ஏஞ்சலஸில், டக்கர் போர்ட்லேண்டில். முன்பு ஒரே அறையில் மூன்று பேர் வாசித்து வாசித்து உருவான பாட்டுகள், இப்போது கணினியில் தயாராகிக் கோப்புகளாக இரண்டு ஊருக்கும் போய்வந்தன. கணினியில் பாட்டு எழுதும்போது மென்பொருளின் தாளம் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்; தற்காலிகமாகத்தான் போடுவார்கள், கேட்டுக் கேட்டு அதுவே நிரந்தரமாகிவிடும். பிறகு டிரம்ஸ் கலைஞர் வரும்போது அவருக்கு மிச்சமிருப்பது போட்ட கோட்டின் மேல் நடக்கும் வேலை. யாரும் யாரையும் வெளியேற்றத் திட்டமிட வேண்டியதில்லை. சமையலறையை மாற்றிக் கட்டிவிட்டால் யாருடைய கை எங்கே எட்டும் என்பதும் மாறிவிடுகிறது.

வைஸ் பின்னாளில் ஒரு நேர்காணலில் விளக்கமாகப் பேசினார். குழுவில் தான் இன்னும் சமமான படைப்பாளியா என்று நேராகவே கேட்டதாகவும், இல்லை என்ற பதில் கிடைத்ததால் விலகியதாகவும் அவர் தரப்பு. தங்கும்படி கேட்டோம், முயன்றோம், போனது அவர் முடிவு என்பது மற்றவர்களின் தரப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. இரு என்று சொல்வதும் சமமாக இரு என்று சொல்வதும் வேறு வேறு. கூட்டுக் குடும்பத்தில் மருமகளாக இருந்தவர்களுக்கும், மாணவர் அமைப்புகளில் சுவரொட்டி ஒட்டிய தோழிகளுக்கும் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

பெண்ணிய வட்டங்களில் இதைப் பேசத் தயங்குவோம். எதிரி வெளியே இருக்கும்போது உள்ளே விரல் நீட்டுவதா என்ற தயக்கம். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தலைவர் இல்லை, எல்லோரும் சகோதரிகள் என்று சொல்லிக்கொண்ட பெண்கள் குழுக்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்வட்டம் எப்படி உருவாகிறது, எழுதப்படாத விதி எழுதப்பட்ட விதியைவிட எப்படிக் கடினமாகிறது என்பதுதான் அவர் வாதம். நட்பால் கட்டிய குழுவில் முடிவெடுப்பதும் நட்பின் வழியாகவே நடக்கும். நெருங்கிய இருவருக்கு இடையில் ஒரு முடிவு உருவாகும்போது மூன்றாவது ஆளுக்கு முறையிட இடமே இருக்காது. ஸ்லீட்டர்-கின்னிக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரையைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது ஃப்ரீமனை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சமத்துவம் பாட்டின் வரிகளில் இருக்கிறது. கலவையில் எந்த ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதில் படிநிலை இருக்கிறது.

ஆனி கிளார்க் மேல் பழியைப் போடுவதும் எளிது, பலர் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த இன்னொரு பெண் குடும்பத்தைக் கெடுத்தாள் என்ற அந்தக் கதையை நாம் எத்தனை தொடரில் பார்த்திருக்கிறோம்! தயாரிப்பாளரை அழைத்தது குழு. திசையை விரும்பியதும் குழுவில் பெரும்பான்மை. மூன்று பேரில் இரண்டு பேர் என்பது வசதியான பெரும்பான்மை.

கடைசிப் பாட்டு ‘ப்ரோக்கன்’. 2018 செப்டம்பர் 27 அன்று கிறிஸ்டின் ப்ளேசி ஃபோர்டு அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, பதின்வயதில் பிரெட் கவனா தன்மீது பாலியல் தாக்குதல் நடத்தியதாகச் சாட்சி சொன்னார். கவனா மறுத்தார், பத்தே நாளில், 50க்கு 48 என்ற வாக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்தச் சாட்சியத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எத்தனையோ பெண்கள் தங்கள் பழைய நாட்களுக்குத் திரும்பிப் போனார்கள். டக்கர் அந்த நிலையைப் பாடுகிறார், பியானோ மட்டும் பிரதானமாக ஒலிக்க. இருபது வருடம் கூச்சலிட்ட குரல் இங்கே அடங்கி, கிட்டத்தட்டப் பேச்சாக வருகிறது. கோபத்துக்குப் பழகிய கேட்பவருக்கு இந்தச் சோர்வு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த வாரம் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவர்களுக்கு இது சரியான சுருதி. மின்னணுப் பளபளப்பு இல்லை, இடி இல்லை. டிரம்ஸுக்கு இடமில்லாத பாட்டு இது. ஆனாலும் இங்கே யாரும் ஒதுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நடுவிலுள்ள பாட்டுகளில் தாளம் ஊமையாக்கப்படுகிறது. இங்கே மூவரில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பதுபோல இருக்கிறது.

மாணவிகள் இந்த ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் ‘டிக் மீ அவுட்’, பிறகு ‘ஒன் பீட்’, அதற்குப் பிறகு இது. கேட்கும்போது ஒருமுறை குரல்களை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே அது பேசுகிறது, எங்கே எண்ணுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டக்கரும் பிரௌன்ஸ்டீனும் இருவராகவே தொடர்ந்தார்கள். 2021இல் ‘பாத் ஆஃப் வெல்னஸ்’ ஆல்பத்தைத் தாங்களே தயாரித்தார்கள், 2024இல் ‘லிட்டில் ரோப்’ வந்தது. வைஸ் விலகிய அடுத்த மாதமே கார் விபத்தில் காலும் காறை எலும்பும் முறிந்து கிடந்தார். தேறி எழுந்து, சாம் கூம்ஸுடன் தான் பல ஆண்டுகளாக நடத்திவரும் குவாசி என்ற குழுவில் 2023இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அந்தக் குழுவில் இரண்டே பேர். கூம்ஸ் பழைய மின்னணுக் கீபோர்டு ஒன்றைப் போட்டு உறும வைக்கிறார், வைஸ் டிரம்ஸ் வாசிக்கிறார், இருவரும் பாடுகிறார்கள்.